காப்புக் கட்டிய ராத்திரி

ஜூன் 12, வியாழன்

சுரங்கக் கம்பெனி புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இத்தனை மாதமாக அரிசிப் பானை மூடிமேல் கிடந்தது. இன்று எடுத்துத் துடைத்தால் கை கறுப்பாகிவிட்டது. எங்கள் ஊரில் எதைத் துடைத்தாலும் இப்போது கறுப்புதான். மண்ணுக்கு அடியில் பென்சில்கரி இருக்கிறதென்று தோண்ட ஆரம்பித்த நாளிலிருந்து, புல்லாவயலில் வெள்ளை வேட்டி உடுத்துகிறவனைத் தைரியசாலி என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன், எனக்கு இதெல்லாம் பிடித்திருக்கிறது. முன்பெல்லாம் எங்கள் நிறுத்தத்தில் பஸ் நின்றால் இறங்க ஒரு ஆள் இருக்காது. இப்போது ஏறுவதற்கு முழங்கை வேண்டும். பரோட்டாக் கடை வந்தது, செல்போன் கடை வந்தது, போன மாதம் பல் டாக்டர்கூட வந்துவிட்டார். வலித்தால் கிராம்பு வைத்துக் கடித்துக்கொண்டு கிடந்த ஊர் இது. எனக்குப் பல்லில் ஒன்றுமில்லை, இருந்தாலும் ஒருநாள் போய்க் காட்டிவிட்டு வந்தேன்.

ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கென்று ஆனபோது, என் கொழுந்தன் சேவுகன்தான் என்னை நிற்கவைத்தான். அவன் அண்ணன் இறந்து ஒன்பது வருஷமாகிறது. வீட்டில் சும்மா கிடக்கிறேன், கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதை அவன் பார்த்துக்கொள்வான் என்று ஏற்பாடு. படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்பதை அவன் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

வியாழன்தோறும் பஞ்சாயத்து ஆபீசில் குறை கேட்கிறேன். இன்று வந்த குறைகள்: காயப்போட்ட வடகத்தில் கரித்தூசி. பள்ளிக்கூடத் தெருவில் லாரி. குழாயில் தண்ணீர் வருவதற்குள் லைன்வீட்டுக்காரர்கள் குடம் வைத்துவிடுகிறார்கள். லைன்வீடு என்றால் கீழத்தெருவில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகள். ஒரிசாவிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த ஐம்பத்தெட்டுக் குடும்பங்கள் அதில் இருக்கின்றன.

அவர்கள் சார்பில் பேச மேஸ்திரி ஒருவர் வந்தார். பெயர் நிரஞ்சன். நான் இந்தியில் பேச வேண்டுமே என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் கைகட்டி நின்று, “ஏனுங்க, எங்களுக்கும் குழாய்க்கு ஒரு நேரம் சொல்லிட்டீங்கன்னா தேவலைங்க” என்றார். திருப்பூரில் எட்டு வருஷம் பனியன் கம்பெனியில் இருந்தாராம். ஒரிசாக்காரர் வாயில் கொங்குத் தமிழ்! சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஜூன் 19, வியாழன்

குழாய்க்கு நேரம் பிரித்துக் கொடுத்தேன். காலையில் மேலத்தெரு, மாலையில் கீழத்தெரு. முதல் நாள் இரண்டு பக்கமும் திட்டினார்கள். இரண்டு பக்கமும் திட்டினால் பங்கு சரியாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

புதிதாக நீலத்தில் ஒரு கைத்தறிப் புடவை எடுத்தேன். கரித்தூசி தெரியாது என்பதற்காக. நிரஞ்சன் நன்றி சொல்ல வந்தவர், போகும்போது நிறம் நன்றாக இருக்கிறது என்றோ என்னவோ சொன்னார். நான் சரியாகக் கேட்கவில்லை.

அவருக்கு மனைவி இல்லையாம். இதை நான் கேட்கவில்லை. சேவுகன் மனைவி பஞ்சவர்ணம் எங்கேயோ விசாரித்து வந்து சொன்னாள்.

ஜூன் 27, வெள்ளி

மோசமான நாள். சேவுகனின் பால்மாட்டை லாரி அடித்துவிட்டது. பள்ளிக்கூடத் தெருவில், பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம். மாட்டுக்குப் பக்கத்தில்தான் அவன் மகள் நடந்து வந்திருக்கிறாள். நான் போனபோது சேவுகன் மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டான். அவன் அண்ணன் செத்தபோதுகூட நிமிர்ந்து நின்றவன்.

கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டு, பள்ளிக்கூட நேரத்தில் லாரி விடாதீர்கள், கண்மாய்க்கரைப் பாதையை உங்கள் செலவில் போட்டு அந்தப் பக்கம் ஓட்டுங்கள் என்று ஏற்கெனவே மூன்று தரம் எழுதியதை நாலாவது தரம் கத்தினேன். பரிசீலிக்கிறோம் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உடம்பு எரிகிறது.

ஜூலை 6, ஞாயிறு

கோயில் வாசலில் ஊர்க்கூட்டம். எங்கள் ஊரில் சட்டப்படி நான் தலைவி. கோயில் காரியத்துக்கும் ஊர்க் கட்டுப்பாட்டுக்கும் முத்துராமு அம்பலம்தான் தலைவர். சேவுகன் எழுந்து நின்று, வெளியூரானால்தான் எல்லாக் கேடும், இனி யாரும் ஒரிசாக்காரர்களுக்கு வீடு வாடகைக்கு விடக் கூடாது, இருப்பவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்றான். மாட்டை இழந்தவன் பேச்சுக்கு யார் எதிர்ப்பேச்சுப் பேசுவது? லைன்வீடு கட்டி வாடகை வாங்குகிறவர்களே தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார்கள்.

நான் பேசினேன். மாட்டை அடித்த லாரியை ஓட்டியவன் நம் பக்கத்து ஊர்ப் பையன். லாரிக்குச் சொந்தக்காரன் மதுரைக்காரன். ஓட்டச் சொன்னது கம்பெனி. இதில் ஒரிசாக்காரன் எங்கே வந்தான்? சேவுகனுக்கு முகம் சிவந்துவிட்டது.

“அண்ணி யாருக்காக இந்த ஓட்டம் ஓடுறாகன்னு ஊருக்குத் தெரியும்” என்றான்.

“தெரிஞ்சா நல்லது தம்பி. நீங்க தனியா தமுக்கு அடிக்க வேண்டியதில்ல” என்றேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கோபம்தான். வேறென்ன.

ஜூலை 9, புதன்

வீட்டை விட்டால் ஒரிசாக் குடும்பங்களுக்கு என்ன வழி என்று கம்பெனியில் கேட்டேன். ஆண்களுக்குச் சுரங்கக் குழிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போடுவார்களாம். பெண்களையும் பிள்ளைகளையும் ரயிலேற்றி ஊருக்கு அனுப்ப வேண்டியதுதானாம். லைன்வீட்டுப் பிள்ளைகள் பதினேழு பேர் எங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். ஒரு வாண்டு என்னைப் பார்த்தால் “வணக்கம் தலைவி” என்று சல்யூட் அடிக்கிறது. வணக்கத்துக்குச் சல்யூட் எதற்கு என்று யார் சொல்லிக் கொடுப்பது!

ஜூலை 14, திங்கள்

இரண்டு செய்தி. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி ஒரிசாவிலிருந்து இன்னொரு பஸ் நிறைய ஆட்கள் சுரங்கத்துக்கு வருகிறார்கள். நிரஞ்சனைக் கம்பெனி வடக்கே வேறொரு சுரங்கத்துக்கு மாற்றிவிட்டது. முப்பதாம் தேதி மதுரையில் ரயில் ஏற வேண்டுமாம். சம்பளமும் கூடுதலாம்.

நல்லதுதான். மனிதர் முன்னுக்கு வர வேண்டும். நான் வாழ்த்துச் சொன்னேன்.

ராத்திரிச் சோற்றில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஜூலை 19, சனி

பஞ்சவர்ணம் முருங்கைக்கீரை கொண்டுவந்தாள். ஓரகத்திகள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து உருவினோம். அவளுக்கு லைன்வீட்டுப் பெண்கள்மேல் கோபமில்லை. அதிலும் பைசாகி என்ற பெண்ணோடு குழாயடியில் நல்ல சிநேகம். இவளுக்கு ஒரிய பாஷை தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் இருவரும் மாமியாரைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று தூரத்தில் பார்த்தாலே தெரிகிறது.

பேச்சு செல்லாயி அம்மன் திருவிழாவுக்குப் போனது. வழக்கமாக ஆடி மூன்றாம் செவ்வாயில் காப்புக் கட்டுவது. காப்புக் கட்டி எல்லையில் வேப்பிலைத் தோரணம் ஏறிவிட்டால், புதிதாக வெளியூரான் எவனும் வந்து ஊருக்குள் ராத்தங்கக் கூடாது. கட்டிய ராத்திரி ஊருக்குள் படுத்தவர் எவரும் திருவிழா முடியும்வரை எல்லை தாண்டி ராத்தங்கவும் கூடாது. எனக்குத் தெரிந்து இதை மீறினவர் யாருமில்லை. ஒரு வருஷம் விருந்துக்கு வந்த சம்பந்தகாரர் காப்புக் கட்டியது தெரியாமல் தூங்கிவிட்டு, எட்டு நாள் மாப்பிள்ளை வீட்டில் கிடந்து இளைத்தார்.

கீரை உருவிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னேன், மூன்றாம் செவ்வாய்க்குப் பதில் இரண்டாம் செவ்வாயே காப்புக் கட்டினால் அந்தப் புது பஸ் ஊருக்குள் வர முடியாதே என்று. பஞ்சவர்ணம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கீரையை அள்ளிக்கொண்டு போனாள்.

இரண்டாம் செவ்வாய் இருபத்தொன்பதாம் தேதி வருகிறது. தற்செயல்தான்.

ஜூலை 22, செவ்வாய்

சேவுகன் துள்ளிக்கொண்டு திரிகிறான். புது பஸ்ஸை நிறுத்த அவனுக்கு அருமையான யோசனை ஒன்று தோன்றியதாம். அம்பலத்திடம் போய் இருபத்தொன்பதிலேயே காப்புக் கட்ட வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றான். பிந்தினால் பௌர்ணமியும் ஆடிக் கடைசியும் நெருக்கும் என்று காரணம் வேறு சொன்னான். அம்பலம் என்னைப் பார்த்து என் அபிப்பிராயம் கேட்டார். கோயில் காரியத்தில் நான் என்ன சொல்ல, ஆண்கள் பார்த்துச் செய்தால் சரி என்றேன். இவ்வளவு அடக்கமாக நான் பேசி அம்பலம் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஜூலை 28, திங்கள்

குளித்தேன், சமைத்தேன், சாப்பிட்டேன். எதிலும் மனம் நிற்கவில்லை. லைன்வீட்டில் மூட்டை கட்டுகிறார்கள். பைசாகி ஒரு பித்தளைக் குடத்தைப் பஞ்சவர்ணத்துக்குக் கொடுத்துவிட்டுப் போக நினைக்கிறாள். பஞ்சவர்ணம் வாங்க மறுத்து மறுத்து, கடைசியில் இருவரும் குடத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்களாம்.

நிரஞ்சன் இன்று கம்பெனி ஆபீசில் ஏதோ எழுதிக் கொடுக்கப் போனார் என்றார்கள். போவதற்கு முன் கணக்கு முடிக்க வேண்டாமா, அதற்காக இருக்கும்.

ஜூலை 29, செவ்வாய்

காப்புக் கட்டியாயிற்று! தமுக்குச் சத்தம் கேட்டதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. பூசாரி கையில் அம்பலம் மஞ்சள் கயிறு கட்டினார். எல்லையில் நாலு பக்கமும் வேப்பிலைத் தோரணம் ஏறியது. எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தேன், கீழத்தெருவில் லைன்வீட்டு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஐம்பத்தெட்டு வீடும் ஊர் எல்லைக்குள்தான்.

எல்லோரும் நன்றாகத் தூங்கட்டும்.

ஜூலை 30, புதன்

விடிந்ததும் கம்பெனி லாரி இரண்டு லைன்வீட்டு வாசலில் நின்றன. சாமான் ஏற்ற. சேவுகனும் அவன் ஆட்களும் காவலுக்கு நிற்பதுபோல் நின்றார்கள். பைசாகி பாயைச் சுருட்டித் தலையில் வைத்திருந்தாள். நான் ஓடவில்லை. மெதுவாக நடந்து அம்பலம் வீட்டுக்குப் போய், கோயில் விஷயமாக ஒரு சந்தேகம், வந்து சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

லாரியைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார். சேவுகனைக் கேட்டார்.

“காப்புக் கட்டுன ராத்திரி இவிங்க எங்க படுத்துக் கெடந்தாய்ங்க?”

“இங்கதான், லைன்வீட்டுல. அதுக்கென்ன?”

“அப்ப எட்டு நாளைக்கு எங்கிட்டுப் போவாய்ங்க? எறக்குடா மூட்டைய.”

இவர்கள் நம் ஊர்க்காரர்களா, இது நமக்கு உள்ள கட்டுப்பாடு அல்லவா என்று சேவுகன் தடுமாறினான். அம்பலம் குரலை உயர்த்தவே இல்லை. அம்மன் ராத்திரி எண்ணும்போது ஜாதகம் பார்த்தா எண்ணுகிறாள், படுத்திருந்த தலையைத்தான் எண்ணுகிறாள் என்றார். எண்ணிய தலையில் ஒன்று குறைந்தாலும் ஊருக்கு ஆகாது என்றும், அப்படி வரும் கேட்டுக்குப் பொறுப்பு ஏற்கிறவன் முன்னால் வரலாம் என்றும் சொன்னார். ஒருத்தனும் வரவில்லை. மூட்டையைக் கட்ட உதவிய பையன்களே இறக்கினார்கள்.

எனக்குத் தெருவிலேயே கும்மியடிக்கலாம் போல இருந்தது. தலைவி என்பதால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன்.

நிரஞ்சன் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். பையோடு இல்லை. ரயிலுக்கு நேரமாகவில்லையா என்று கேட்டேன். “ஊர்க் கட்டுப்பாடுன்னு சொல்றாங்க. நான் எப்படிங்க போறது?” என்றார். ஆமாம், கட்டுப்பாடு கட்டுப்பாடுதான், மேஸ்திரிக்கு ஒன்று கூலிக்கு ஒன்றா என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று சோற்றில் உப்பு இரண்டு தரம் விழுந்துவிட்டது.

ஜூலை 31, வியாழன்

ஒரே அலைச்சல், ஒரே சந்தோஷம். காப்புக்குள் இருப்பவர்கள் ராத்திரி ஷிப்டுக்கு எல்லை தாண்டிச் சுரங்கத்துக்குப் போகக் கூடாதே! மேனேஜருக்குப் போன் செய்தேன். ராத்திரி வேலையை எட்டு நாள் நிறுத்துங்கள் என்றால் மனிதர் திணறுகிறார். பரிசீலிக்கிறேன் என்றார். நீங்கள் பரிசீலித்துக்கொண்டே இருங்கள், எங்கள் ஆட்கள் வர மாட்டார்கள் என்றேன். “எங்கள் ஆட்கள்” என்று என் வாயில் தானாக வந்தது. புது பஸ்ஸையும் அவரே தள்ளிப்போட்டுவிட்டார்.

மத்தியானம் லைன்வீட்டில் கருவாடு வறுத்துவிட்டார்கள். காப்புக் காலத்தில் ஊருக்குள் கவிச்சி கூடாது, கடுகுகூடத் தாளிக்கக் கூடாது. அவர்களுக்கு யார் சொன்னார்கள்? மேலத்தெருப் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரண்டுவிட்டார்கள். நான் ஓடிப்போய்ச் சட்டியோடு தூக்கிக் கிணற்றடியில் கொட்டி, மஞ்சள்நீர் தெளிக்க வைத்தேன். நிரஞ்சன் வீடு வீடாகப் போய் எதெல்லாம் கூடாது என்று ஒரிய பாஷையில் சொன்னார். திரும்பி வந்து, எல்லாவற்றையும் கூடாது என்கிறீர்களே, எதுதான் கூடும் என்று பெண்கள் கேட்கிறார்கள் என்றார். நியாயமான கேள்விதான்.

அடுத்த வம்பு. திருவிழாவில் தலைக்கட்டுக்கு ஒரு முளைப்பாரிச் சட்டி, ஒரு படி அரிசி. தலைக்கட்டு என்றால் அடுப்பு எரிகிற ஒவ்வொரு குடும்பமும். காப்புக்குள் ஐம்பத்தெட்டு அடுப்பு கூடிவிட்டதே, அவர்கள் சட்டி வைக்க வேண்டாமா என்று கேட்டேன். சட்டிகளை வைத்து வளர்க்கும் முளைப்பாரி வீட்டுக்குள் அவர்கள் காலே வைக்கக் கூடாது என்றான் சேவுகன். அதற்கு அம்பலம் பதில் சொல்வதற்குள், சேவுகனுக்குப் பின்னால் நின்ற பஞ்சவர்ணம் முன்னால் வந்துவிட்டாள்.

“முளப்பாரி வீட்டுக்குள்ள ஆம்பளைக்கு என்ன சோலி? அது பொம்பளைக பாடு. நாங்க பாத்துக்கிறோம்” என்றாள்.

பதினாறு வருஷமாக அவளைத் தெரியும். இந்தக் குரலை இன்றுதான் கேட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

ஐம்பத்தெட்டுச் சட்டிக்கு எங்கே போவது? வியாழக்கிழமை சாயங்காலமே மானாமதுரையிலிருந்து வேன் வைத்து வரவழைத்தேன். வழியில் உடைந்த ஏழுக்குப் பதில் லைன்வீட்டுப் பெண்கள் அலுமினிய அன்னக்கூடையைக் கொண்டுவந்தார்கள். அம்மன் பாத்திரம் பார்க்க மாட்டாள்.

முளைப்பாரி வீட்டுக்குள் இருட்டும் ஈரமும் எருவாசனையும். தட்டாம்பயறு, மொச்சை எல்லாம் வெள்ளை வெள்ளையாக எழும்பி நிற்கின்றன. எங்களுடையது விரல் நீளம் வந்துவிட்டது. இரண்டு நாள் பிந்திப் போட்டதால் அவர்களுடையது இப்போதுதான் கண் திறக்கிறது. பைசாகி உள்ளே வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் ஊரிலும் கூடையில் முளை போட்டு ஆற்றில் விடுவார்களாம். இதைச் சொல்ல அவளுக்குப் பாஷை தேவைப்படவில்லை, கையால் கூடை காட்டினாள், தலையில் வைத்தாள், ஆறு போல் நெளித்துக் காட்டினாள். பிறகு எங்கள் கும்மிக்குள் புகுந்துவிட்டாள். அடி தப்புகிறது, ஆனால் என்ன ஆட்டம்!

ராத்திரி ஷிப்டு இல்லாததால் மூன்று ராத்திரியாக லாரிச் சத்தமே இல்லை. காலையில் குழாயடியில் எல்லோரும் ஒரே பேச்சு, நன்றாகத் தூங்கினோம் என்று. சேவுகன்கூட. அவனே வந்து சொன்னான், ஊர் முன்பு இப்படித்தான் இருந்தது என்று. சத்தம் போட்டது லாரி, ஆட்கள் இல்லை, பார்த்தீர்களா தம்பி என்றேன். வேப்பங்குச்சியை மென்றுகொண்டே போனான். ஆனால் கோபமாகப் போகவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முளைப்பாரி ஊர்வலம். எழுதக் கை ஓடவில்லை, கால் வலிக்கிறது, தொண்டை கட்டிவிட்டது. இருநூறுக்கு மேல் சட்டி! எங்கள் ஊரில் இத்தனை நீள வரிசை நான் பார்த்ததில்லை. முன்னால் எங்கள் பயிர் உயரமாக ஆட, பின்னால் அவர்கள் பயிர் குட்டை குட்டையாக வர, நடுவில் ஏழு அலுமினியக் கூடை வெயிலில் பளபளத்தது. கொட்டுக்காரர்கள் நிறுத்த நினைத்தால் லைன்வீட்டுப் பையன்கள் விடவில்லை.

நீலப் புடவைதான் கட்டினேன். வேறு எதுவும் துவைத்து வைக்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

கண்மாயில் முளைப்பாரி கரைத்துக் காப்பு அவிழ்த்தோம். மஞ்சள் கயிறு தண்ணீரில் போய்விட்டது. இனி எவரும் எங்கும் போகலாம். எவரையும் போகச் சொல்லவும் செய்யலாம்.

சாயங்காலம் ஊர்க்கூட்டம். பழைய கெடு காப்புக்குள் கழிந்துவிட்டது, புதுக் கெடு வைக்க வேண்டும் என்று ஒருவர் ஆரம்பித்தார். அம்பலம் சரி என்றார். ஆனால் ஊர்க் கட்டுப்பாடு என்றால் எல்லாத் தலைக்கட்டும் சம்மதிக்க வேண்டும், இந்தத் திருவிழாவுக்குச் சட்டி வைத்து அரிசி கொடுத்த குடும்பமெல்லாம் தலைக்கட்டு, ஆகவே அவர்களையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள் என்றார். லைன்வீட்டு ஆண்கள் வந்து பின்வரிசையில் குந்தினார்கள். தன்னைக் காலி செய்யத் தானே சம்மதம் சொல்கிறவன் உலகத்தில் உண்டா?

சேவுகன் எழுந்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை, நேரே நிரஞ்சனைப் பார்த்தான்.

“திங்கக்கெழம காலையில பள்ளிக்கூடத் தெருவுல நானும் எங்க ஆளுகளும் லாரிய மறிக்கப் போறோம். கம்பெனி உங்களுக்குச் சம்பளம் குடுக்குது. நீங்க எந்தப் பக்கம் நிப்பீக?”

நிரஞ்சன் திரும்பி அவர்கள் பாஷையில் கேட்டார். கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. வேலை போய்விடும் என்ற பயம் முகங்களில் தெரிந்தது. பிறகு பைசாகியின் புருஷன் எழுந்து ஏதோ சொன்னான், அவன் பிள்ளையும் அந்தத் தெருவில்தான் நடந்து போகிறானாம். எல்லோரும் தலையாட்டினார்கள்.

“நிக்கிறோமுங்க” என்றார் நிரஞ்சன்.

“அப்ப இருக்கட்டும்” என்று சேவுகன் உட்கார்ந்தான். கெடுவைப் பற்றி அதன்பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. கூட்டம் கலையும்போது நானும் திங்கட்கிழமை வருவேன், தலைவி நாற்காலியைத் தூக்கிவந்து தெரு நடுவில் போட்டு உட்காருவேன் என்று அறிவித்தேன். அம்பலம் சிரித்ததை முதல் தடவையாகப் பார்த்தேன்.

நிரஞ்சனிடம் பேசவில்லை. அவர் நாளை ரயிலுக்குப் போக வேண்டியவர். போகட்டும். ஊரில் வேறு மேஸ்திரியா இல்லை? எனக்கு ஒன்றுமில்லை. கண்ணில் கரித்தூசி விழுந்துவிட்டது, அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

குறை கேட்கும் நாள். வரிசையில் கடைசியாக நிரஞ்சன் நின்றார். கையில் பை இல்லை. எல்லோரும் போன பிறகு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

என்ன குறை என்று கேட்டேன். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே.

“குறை ஒண்ணுமில்லீங்க. அடுத்த வருஷம் காப்பு எந்தச் செவ்வாயிங்க?”

அதை அம்பலம்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

“இந்த வருஷம் நீங்கதானுங்களே சொன்னீங்க. பஞ்சவர்ணம் அக்கா கீரைக் கதை எல்லாம் சொன்னாங்க.”

எனக்குக் காது வரை சூடேறிவிட்டது. அவள் நாக்கை அறுக்க வேண்டும்! ஐம்பத்தெட்டுக் குடும்பத்துக்காகச் செய்தேன், பிள்ளைகள் படிப்புக்காகச் செய்தேன், ஊர் நன்மைக்காகச் செய்தேன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் “ஆமாங்க, ஆமாங்க” என்றார். கடைசியில், இப்போது காப்பு அவிழ்த்தாயிற்றே, ரயில் எப்போது என்று நானே கேட்டுவிட்டேன்.

“மாத்தல் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேனுங்க.”

“எப்ப?”

“இருபத்தெட்டாந் தேதிங்க. காப்புக் கட்டறதுக்கு மொத நாளு.”

கட்டுப்பாடு கட்டுப்பாடுதான் என்று அத்தனை கண்டிப்பாகச் சொன்னேனே! அப்போது இந்த மனிதர் கைகட்டி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாரே! எதற்கு எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் எழுந்து, நாற்காலியை மேசைக்குள் தள்ளிவைத்து, திங்கட்கிழமை மறியலுக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார். எட்டு மணிக்கு என்றேன். நீலப் புடவையில் வருவீர்களா என்றார்.

நாற்பத்துநாலு வயது எனக்கு. ஊர் பேசும். பேசட்டும், பேச ஆரம்பித்து எவ்வளவோ நாளாயிற்று. பாதி ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து தன்னால் சிரிக்கிறேன், கிறுக்கச்சி மாதிரி. சந்தோஷமாக இருக்கிறது. எழுதியே விட்டேன், சந்தோஷமாக இருக்கிறது.

நாளை செய்ய வேண்டியது: மேனேஜருக்கு மறியல் நோட்டீஸ். கண்மாய்க்கரைப் பாதைக்குக் கலெக்டர் ஆபீசுக்கு மனு. பஞ்சவர்ணத்தைப் பிடித்துத் திட்டுவது. நீலப் புடவையை இஸ்திரிக்குக் கொடுப்பது.